இரண்டு கட்டங்களிலும் நிற்பவர்கள்

11ஆம் தேதி, செவ்வாய்

இன்று ஒரு சிறு தவறு செய்தேன், மாலைக்குள் சரிசெய்தும்விட்டேன். இன்னொரு முறை செய்யாமலிருக்க எழுதி வைக்கிறேன்.

மருத்துவமனையின் லாண்டரி, க்ளீனிங், சமையலறை ஆகிய மூன்று பிரிவுகளிலும் வேலை செய்பவர்களிடம் மூச்சுத் தொல்லை பற்றிக் கேள்விகள் கேட்டுப் பதில் வாங்கியிருக்கிறோம். அந்தப் பதில்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. ஊழியர் நலப் பிரிவில் எனக்கு வேலை அவ்வளவுதான். ஆனால் நான் மாலை வகுப்பில் புள்ளியியல் படிப்பது எங்கள் மேலாளர் மேடத்துக்குத் தெரிந்துபோனதால், எந்தப் பிரிவில் எத்தனை பேருக்கு வீசிங் என்கிற மூச்சு இழைப்பு இருக்கிறது என்று அட்டவணை போடுவதையும் என் தலையில் கட்டிவிட்டார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. வகுப்பில் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, இன்னும் சராசரியைத் தாண்டிய பாடம் எதுவும் எனக்கு உறுதியாகத் தெரியாது.

"எங்கே வேலை செய்கிறீர்கள்?" என்ற கேள்விக்குச் சிலர் இரண்டு டிக் போட்டிருந்தார்கள். நான் டிக்குகளை அப்படியே எண்ணினேன். லாண்டரி 40, க்ளீனிங் 60, சமையலறை 30. கூட்டினால் 130. பதில் சொன்னவர்களோ 112 பேர்.

பதினெட்டுப் பேர் எங்கிருந்தோ முளைத்திருந்தார்கள். எங்கள் மேடத்துக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'டாலி மேடம்'. சுவர்க் கடிகாரமும் அவர் கைக்கடிகாரமும் ஒரு நிமிடம் முன்பின் ஆனால்கூட, "டாலி ஆகலையே" என்று நின்றுவிடுவார். அவர் முன்னால் இப்படி ஒரு தாளை நீட்ட முடியுமா? எங்கோ பிசகிவிட்டோம் என்றுதான் நினைத்தேன். எனக்கு எப்போதும் முதலில் தோன்றுவது அதுதான்.

தேடிப் பார்த்ததில், பதினெட்டுப் பேர் லாண்டரி, க்ளீனிங் இரண்டிலும் வேலை செய்பவர்கள். காலையில் துணி வெளுக்கிறார்கள், மதியத்துக்கு மேல் வராந்தா துடைக்கிறார்கள். ஒரு ஆளுக்கு ஒரு கட்டம் என்று முடிவு செய்தேன். நாளின் முதல் வேலை லாண்டரி என்பதால் அவர்களை லாண்டரியில் மட்டும் வைத்தேன். இப்போது 40, 42, 30. கூட்டினால் 112. உயிர் வந்தது.

இழைப்பு: லாண்டரியில் 40 பேரில் 12 பேருக்கு, அதாவது நூற்றுக்கு 30. க்ளீனிங்கில் 42 பேரில் 12 பேருக்கு, நூற்றுக்கு 29கூட இல்லை. சமையலறையில் அதில் பாதி சொச்சம்தான்.

"டாலி ஆகுதா?" என்றார் மேடம், தாளைத் தொடுவதற்கு முன்பே.

"ஆகுது மேடம்."

அவரே ஒரு முறை கூட்டிப் பார்த்தார். உதடுகள் மட்டும் அசைந்தன. "அப்ப லாண்டரிதான் முதல்ல. வெள்ளிக்கிழமை மீட்டிங். இந்த வருஷம் ஒரே ஒரு இடத்துக்குத்தான் பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் போடுவாங்க. யாருக்கு மூச்சு ரொம்ப முட்டுதோ அவங்களுக்கு."

என் அக்கா லாண்டரியில் வேலை செய்கிறாள். அந்தப் பதினெட்டுப் பேரில் அவளும் ஒருத்தி. தூங்கும்போது அவள் மூச்சில் ஒரு மெல்லிய விசில் கேட்கும், தூரத்தில் யாரோ கேத்தலை அடுப்பிலிருந்து இறக்க மறந்துவிட்டதுபோல. ஒரே அறையில் படுப்பதால் அந்தச் சத்தத்துக்குள்தான் நானும் தூங்கிப்போவேன்.

வீட்டுக்கு வந்ததும் வாய் நிற்கவில்லை. சொல்லிவிட்டேன்.

"நிஜமாவா? எங்க லாண்டரிக்கா?" அக்கா ஈரக் கையோடு என் கன்னத்தைப் பிடித்தாள். "அடியே, உன்னைப் படிக்க வெச்சது வீண் போகலை!"

"நீ எங்க என்னைப் படிக்க வெச்சே? நானே ஃபீஸ் கட்டித்தான் படிக்கிறேன்."

"தினமும் உன் தட்டை நான்தானே கழுவுறேன். அது படிக்க வெச்ச கணக்குல வராதா?"

சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

12ஆம் தேதி, புதன்

இரண்டு பேர் வயதை எழுதாமல் விட்டிருந்தார்கள். கேட்டு வர லாண்டரிக்குப் போனேன். போயிருக்க வேண்டியதில்லை, போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் போனில் கேட்டால் எனக்கு எண் தப்பாகக் காதில் விழுந்துவிட்டதோ என்று நாள் முழுக்கச் சந்தேகமாக இருக்கும்.

கதவைத் திறந்ததும் வெள்ளையாக ஒன்று என்னை மூடியது. நீராவி. இஸ்திரி போடும் உருளைகளுக்கு நடுவே நனைந்த விரிப்புகள் நுழைந்து, மறுபக்கம் சூடாக, உலர்ந்து, மெதுவாக மடிந்து விழுந்தன. ஆட்கள் முழுதாகத் தெரியவில்லை. ஒரு கை வந்தது. அப்புறம் ஒரு தோள். பிறகு எல்லாம் கரைந்து வேறிடத்தில் ஒரு முகமாகக் கூடியது. கூரையிலிருந்து சொட்டுகள் நிதானமாக விழுந்துகொண்டிருந்தன. மழைக்கு உள்ளே வீடு கட்டியதுபோல இருந்தது.

"ஆபீஸம்மா வந்தாச்சு, எல்லாரும் மூச்சை அடக்கிக்கங்க, எண்ணப் போறாங்க," என்றது ஒரு குரல்.

"எண்ணட்டும், எண்ணட்டும். காத்து தரப் போற மகராசி," என்றது இன்னொரு குரல்.

அக்கா எல்லோரிடமும் சொல்லிவிட்டாள் என்று அப்போதுதான் தெரிந்தது. எனக்குக் காது சூடானது. வயதைக் கேட்டுக்கொண்டு வெளியே வந்தேன். வராந்தாவில் ஒரு பெண் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். முகம் எனக்குத் தெரியாது. வாளியிலிருந்து வந்த ப்ளீச் வாசனை கண்ணைக் கரித்தது. அவள் துடைத்த இடத்தில் ஜன்னல் வெளிச்சம் விழுந்து, தரை சிறிது நேரம் குளமாக இருந்தது.

மாலை வகுப்பில் ஆசிரியருக்குச் சளி. பாதி நேரம் மூக்கைச் சிந்திவிட்டு, "ஆளுக்கொரு பயிற்சியைச் செய்து பக்கத்திலிருப்பவருக்குக் காட்டுங்கள்" என்று உட்கார்ந்துவிட்டார். என் பக்கத்தில் உட்காருபவர் மருந்துக் கடையில் வேலை செய்கிறார். வகுப்பில் எல்லோரும் அவரை 'மாத்திரை' என்றுதான் கூப்பிடுகிறோம். கடைக்கு வருகிறவர்களில் யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று எண்ணி வைத்திருந்தார். ஐம்பது பேர். கூட்டினால் ஐம்பத்தேழு வந்தது.

எனக்குப் பெருமையாகப் போய்விட்டது. "மாத்திரை, உங்க கணக்கு உதைக்குது. ஒரு ஆளை ஒரு கட்டத்துலதான் வைக்கணும்."

"எதுக்கு?"

"கூட்டினா சரியா வரணும்ல?"

அவர் பேனாவைக் காதில் சொருகிக்கொண்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "ஒரு அம்மாவுக்குப் பென்சிலினும் ஆகாது, சல்ஃபாவும் ஆகாது. உனக்குக் கூட்டல் சரியா வரணும்ங்கிறதுக்காக சல்ஃபாவை அடிச்சுடட்டுமா? நாளைக்கு எங்க கடைப் பையன் அதைப் பார்த்து சல்ஃபாவை எடுத்துக் குடுப்பான். அந்தம்மா மேல போய்ச் சேர்ந்துடும். கூட்டல் மட்டும் கச்சிதமா இருக்கும்."

"அப்ப ஐம்பத்தேழு?"

"ஐம்பது ஆளு, ஐம்பத்தேழு ஆகாமை. ஆளை எண்ணினா ஆளு, ஆகாமையை எண்ணினா ஆகாமை. இதுல என்ன உதைக்குது?"

அவர் தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.

திரும்பும்போது பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. கண்ணாடியில் உள்ளே இருப்பவர்களின் முகங்களும் வெளியே ஓடுகிற கடைகளும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தன. எதிர் சீட்டில் தூங்கிய பெண்ணின் நெற்றியில் ஒரு செருப்புக் கடை வந்து போனது. என் கன்னத்துக்குள் ஒரு மரம் நுழைந்து, காது வழியாக வெளியேறியது. முகத்துக்காக மரம் விலகவில்லை. மரத்துக்காக முகமும் அழியவில்லை. நான் இறங்க வேண்டிய நிறுத்தம் போனதைக்கூடக் கவனிக்கவில்லை. பதினெட்டுப் பேரைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். க்ளீனிங் கட்டத்திலிருந்து அவர்களைத் தூக்கியபோது அவர்களோடு அவர்களுடைய இழைப்பையும் அல்லவா தூக்கிவிட்டேன்.

முதலில் வந்த 130 தவறே இல்லை. நான் திருத்தியதுதான் தவறு.

13ஆம் தேதி, வியாழன்

காலையில் எல்லோருக்கும் முன்னால் ஆபீஸ் போய்விட்டேன். ஒரே 'பிரிவு' என்றிருந்த பத்தியை அழித்து மூன்று பத்திகள் போட்டேன்: லாண்டரியில் வேலை செய்கிறாரா, க்ளீனிங்கில் செய்கிறாரா, சமையலறையில் செய்கிறாரா. ஒவ்வொன்றுக்கும் ஆம் என்றால் 1, இல்லை என்றால் 0. இப்படிப் போட்டால் யாரையும் எங்கிருந்தும் தூக்க வேண்டியதில்லை. பதினெட்டுப் பேரும் இரண்டு பத்திகளிலும் 1 வாங்கிக்கொண்டு நின்றார்கள். எவ்வளவு சாதாரண வேலை! இதற்கு இரண்டு நாள் ஆகியிருக்கிறது எனக்கு.

லாண்டரி: 40 பேரில் 12. அதே 30. எதுவும் மாறவில்லை.

க்ளீனிங்: 60 பேரில் 21. நூற்றுக்கு 35.

க்ளீனிங் முந்திவிட்டது. மூன்று முறை சரிபார்த்தேன். அப்புறம் இன்னொன்றையும் பார்த்தேன். அந்தப் பதினெட்டுப் பேரில் ஒன்பது பேருக்கு இழைப்பு. சரிபாதி. அதையும் தாளின் கீழே எழுதி வைத்தேன்.

நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஒரு கேள்வி வந்து எதிரே உட்கார்ந்துகொண்டது. பதினெட்டுப் பேரையும் லாண்டரியில் ஏன் வைத்தேன்? நாளின் முதல் வேலை என்றா? அக்கா லாண்டரியில் இல்லாமல் சமையலறையில் இருந்திருந்தால் அதே காரணம் எனக்குத் தோன்றியிருக்குமா? தோன்றியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் எழுத முடிகிறது.

மேடம் வந்து கைப்பையை வைக்கும் முன்பே சொல்லிவிட்டேன். தள்ளிப்போட்டால் வாய் ஒட்டிக்கொள்ளும்.

அவர் புதிய தாளைப் பார்த்தார். உதடுகள் அசைந்தன. "நூத்தி முப்பது. டாலி ஆகலையே."

"ஆகாது மேடம். சில பேர் ரெண்டு இடத்துல வேலை செய்யறாங்க. ரெண்டு இடத்துலயும் அவங்களை எண்ணியிருக்கேன்."

"ஒரு ஆளை எப்படிம்மா ரெண்டா எண்ணுவே?"

"ரெண்டா எண்ணலை மேடம். இப்ப நீங்க இருக்கீங்க. இங்க மேலாளர், வீட்டுல அம்மா. ஆபீஸ்ல எத்தனை பேர்னு கேட்டாலும் உங்களைச் சேர்க்கணும். வீட்டுல எத்தனை பேர்னு கேட்டாலும் சேர்க்கணும்."

"வீட்டுல என்னை எவன் எண்ணுறான்," என்றார் மேடம். தாளைத் திருப்பி, விளக்கடியில் பிடித்தார். "உங்க அக்கா லாண்டரிதானே?"

"ஆமா மேடம். க்ளீனிங்கும்."

"இதைக் குடுத்தா லாண்டரிக்கு எக்ஸாஸ்ட் வராது. தெரியும்ல?"

"தெரியும் மேடம்."

"அடியில ஒரு வரி போடு. 'ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட பிரிவில் இடம்பெறலாம். எண்களைக் கூட்டக் கூடாது.'" எழுதச் சொல்லிவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "கூட்டாதேன்னு என் வாயாலயே சொல்ல வெச்சுட்டியே. என் பிழைப்பே அதானேம்மா."

வீட்டில் அக்கா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, முதலிலிருந்து வரிசையாகச் சொன்னேன். கத்தி நிற்கவே இல்லை.

"இப்ப யாராவது வந்து உன்னைக் கேட்டாங்களா?"

"இல்லக்கா."

"அந்த மேடம் கண்டுபிடிச்சாங்களா?"

"இல்ல. நானாத்தான் போய்ச் சொன்னேன்."

"ஏன்டி, உனக்கு எதிரி வெளியில யாரும் வேணாம்டி." கத்தியை வைத்தாள். "உன் தப்பு ரெண்டு நாள் எனக்கு எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுமா? நேத்து உருளை பக்கத்துல நின்னுட்டு மேல பார்த்தேன். அங்க ஒரு ஓட்டை போடுவாங்க, வானம் தெரியும்னு நினைச்சேன்."

"நீ க்ளீனிங்லயும் இருக்கியேக்கா. அங்க போட்டாலும் உனக்குத்தானே? நீ ரெண்டு கட்டத்துலயும் இருக்கே."

"ரெண்டு கட்டத்துலயும் நிக்கிறேன். ஒரு கட்டத்துலகூடக் காத்து வரலை." எழுந்து போய்விட்டாள். சாப்பிட்ட பிறகு என் தட்டை அவள் கழுவவில்லை. நானே கழுவினேன்.

தூக்கத்தில் ஒரு கனவு. பெரிய கூடம். நான் சாக்கட்டியால் தரையில் வட்டங்கள் போடுகிறேன். 112 பேரும் வெள்ளை விரிப்புகளைப் போர்த்திக்கொண்டு வருகிறார்கள். ஆளுக்கொரு வட்டம் என்கிறேன். அக்கா மட்டும் கோட்டின்மேலேயே நிற்கிறாள். தள்ளி நில்லுக்கா என்கிறேன். அவள் நகராமல் மூச்சை இழுத்து விடுகிறாள். அந்தக் காற்றில் சாக்கட்டிப் பொடி எல்லாம் எழும்பி, வட்டங்கள் புகைபோல ஒன்றுக்குள் ஒன்று நகர்ந்து போகின்றன. எனக்குப் பயமே இல்லை. அழகாக இருக்கிறதே என்று பார்த்துக்கொண்டு நிற்கிறேன். விழித்தபோது அறையில் அந்த விசில் கேட்டுக்கொண்டிருந்தது.

14ஆம் தேதி, வெள்ளி

மீட்டிங் அறைக்குள் என்னைக் கூப்பிடவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவில் பனிக்கண்ணாடி. உள்ளே இருப்பவர்கள் நிறங்களாக மட்டும் தெரிந்தார்கள். நீலம் எழுந்தது, பழுப்பு உட்கார்ந்தது, நீலத்துக்குள் பழுப்பு கொஞ்ச நேரம் கலந்து நின்று பிரிந்தது. தாளில் இன்னும் ஏதோ தவறு இருக்கிறது என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. என்னவென்றுதான் தெரியவில்லை.

மேடம் வெளியே வந்தபோது முகத்தில் வியர்வை. "க்ளீனிங்குக்குத்தான். தரை துடைக்கிற மருந்துத் தண்ணி கலக்குற ரூம் இருக்கே, ஜன்னலே கிடையாதாமே? அங்க போடப் போறாங்க."

"சரிங்க மேடம்."

"இரு, இன்னும் பேச்சு முடியலை. அந்தப் பதினெட்டுல ஒன்பதுன்னு நீ கீழே எழுதியிருந்தே பாரு, அதைப் பிடிச்சுட்டாங்க. பாதிப் பேருக்கு இருக்கே, எதனால வருதுன்னு கேட்டாங்க. லாண்டரியாலயா, க்ளீனிங்காலயா?"

"இந்தத் தாளை வெச்சு அது சொல்ல முடியாது மேடம். ரெண்டுலயும் இருக்காங்கன்னு மட்டும்தான் தெரியும்."

"நானும் அதைத்தான் சொன்னேன். தெரியாதுன்னு." அந்தச் சொல் அவருக்கே புதிதாக இருந்ததுபோல ஒரு நொடி நின்றார். "கேட்டுட்டு வரச் சொல்றாங்க. லாண்டரியில நிக்கும்போதும் இழுக்குதுன்னு வந்தா, லாண்டரிக்கும் ஏதாவது செய்யணும்னு எழுதலாம். வராட்டி எழுத முடியாது. உங்க அக்காங்கிறதுக்காக வர வெச்சுடாதே."

"மாட்டேன் மேடம்."

"தெரியும். வர வைக்கிற ஆளா இருந்தா நேத்து என் தலையை உருட்டியிருக்க மாட்டே."

அக்கா எனக்கு முன்பே வீட்டுக்கு வந்திருந்தாள். சேதியும் வந்திருந்தது. காலை நீட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் வழியாக வந்த மாலை வெயில் அவள் முழங்காலோடு நின்றுவிட்டது.

"லாண்டரியில எல்லாரும் கேக்குறாங்க, உன் தங்கச்சி யார் பக்கம்னு."

"நீ என்ன சொன்னே?"

"அவ எந்தப் பக்கமும் இல்லை, அவளுக்கே அவ பக்கம் கிடையாதுன்னு சொன்னேன்." முகத்தில் சிரிப்பு வரவில்லை, ஆனால் குரலில் நேற்றைய சூடு இல்லை. "மத்தியானம் அந்த ரூமுக்குப் போனேன், மருந்துத் தண்ணி எடுக்க. என்கூட வேலை செய்யறவ ஒருத்தி, பாவம், வாளியைத் தூக்கிட்டு வாசல் வரைக்கும் வந்து உக்காந்துட்டா. மூச்சு வாங்குது. அவளுக்கு லாண்டரி கிடையாது. அவ உன் முதல் தாள்ல எங்க இருந்தா?"

"க்ளீனிங்லதான் இருந்தா. ஆனா அவளோட சேர்த்து எண்ண வேண்டியவங்களை நான் எடுத்துட்டேன்."

"என்னையும்."

"உன்னையும்."

வெயில் அவள் முழங்காலிலிருந்து இறங்கி, பாதத்தைத் தடவி, தரைக்குப் போனது. நாங்கள் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பதினெட்டுப் பேரிடமும் கேட்கப் போவதைச் சொன்னேன். அதில் அவளும் உண்டு என்பதையும்.

"இப்பவே கேக்கட்டுமாக்கா?"

"வேணாம்." சட்டென்று சொன்னாள். "நாளைக்கு எல்லார்கிட்டயும் கேக்குற மாதிரி என்கிட்டயும் கேளு. வீட்டுல கேட்டா நான் வீட்டுப் பதில்தான் சொல்லுவேன்."

"அங்க வேற பதில் சொல்லுவியா?"

"அங்க யோசிச்சுச் சொல்லுவேன்." எழுந்து அடுப்படிக்குப் போனாள். அங்கிருந்து குரல் மட்டும் வந்தது. "எனக்கே சரியாத் தெரியலைடி. எங்க நிக்கும்போது இழுக்குதுன்னு நான் இதுவரைக்கும் பார்த்ததே இல்லை. நாளைக்குக் காலையிலேருந்து பார்க்கிறேன்."

நாளைக்கு: மதியம் லாண்டரி ஷிப்ட் முடியும்போது வாசலில் நிற்க வேண்டும். பதினெட்டுப் பேரையும் ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட்டு, எந்த வேலை செய்யும்போது மூச்சு இழுக்கிறது என்று ஒரே சொற்களில் கேட்க வேண்டும். பதிலை அவர்கள் சொன்னபடியே எழுத வேண்டும். அக்காவை நடுவில் கேட்க வேண்டும், முதலிலும் வேண்டாம், கடைசியிலும் வேண்டாம்.